பச்சிலை மணக்கும் சீஸ் ஃபாண்ட்யூ: பிரிந்தால், திரண்டால், அடிபிடித்தால்

மார்கழிக் குளிரில் கல்சட்டி ஒன்றைக் கூடத்தின் நடுவில் வைத்து, வீட்டார் எல்லோரும் அதைச் சுற்றி உட்கார்ந்து, ரொட்டித் துண்டுகளை உருகிய சீஸில் தோய்த்து உண்பது கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டில் சில ஆண்டுகளாக வழக்கமாகிவிட்டது. சுவிட்சர்லாந்து தன் தேசிய உணவாகக் கொண்டாடும் இதற்கு ஃபாண்ட்யூ என்று பெயர். உருக்குதல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பெயரைக் கேட்டால் உருக்குவதைத் தவிர இதில் வேறு வேலை இல்லை என்றே தோன்றும். ஆனால் தருமபுரியில் இருக்கும் தங்கையோ, ஓசூரில் இருக்கும் உறவினரோ, பக்கத்து வீட்டாரோ யார் செய்தாலும் பாதி வேலையில் எனக்குத் தொலைபேசி அழைப்பு வரும். "அக்கா, எண்ணெய் தனியா மிதக்குது, கொட்டிடட்டுமா?" என்பதே பெரும்பாலும் முதல் கேள்வி. கொட்ட வேண்டியதில்லை. கருகியதையும் கெட்டுப்போனதையும் தவிர ஏறக்குறைய மற்ற எல்லாவற்றையும் மீட்டுவிடலாம் என்பதைப் பல தடவை செய்து பார்த்த பிறகே எழுதுகிறேன்.

கோளாறைக் கண்டுபிடிக்க ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு வேண்டும். நால்வருக்கு நான் எடுப்பது 400 கிராம் சீஸ்: அதில் 250 கிராம் கௌடா அல்லது எமென்டால் போன்ற நன்கு உருகும் வகை, 150 கிராம் எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் பதப்படுத்திய கட்டிச் சீஸ். அதற்குக் காய்கறி வேகவைத்து வடித்த நீர் 200 மில்லி, எலுமிச்சைச் சாறு 2 தேக்கரண்டி, வெள்ளைக் கார்ன்ஃப்ளார் 1 மேசைக்கரண்டி, பூண்டு 2 பல், பொடியாக நறுக்கிய பச்சிலை 3 மேசைக்கரண்டி. சுவிஸ் வீடுகளில் கிரூயேர் போன்ற சீஸ்களை வெள்ளை ஒயினில் உருக்குவார்கள்; எங்கள் வீட்டில் குழந்தைகளும் உண்பதால் ஒயினின் புளிப்பை எலுமிச்சையிலிருந்து பெறுகிறோம். துருவிய சீஸை மாவில் பிரட்டி, நீரும் எலுமிச்சைச் சாறும் ஆவி பறக்கும் சூட்டில் இருக்கும்போது, கொதிக்கவிடாமல், ஒரு கைப்பிடி கரைந்த பின் அடுத்த கைப்பிடி என்று சேர்க்க வேண்டும். இலை கடைசியில்தான் சேரும். கீழே சொல்லும் திருத்த அளவுகள் எல்லாம் இந்த 400 கிராமுக்கு உரியவை.

எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கிறது

எனக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் இதைப் பற்றியவைதான். முதலில் செய்ய வேண்டியது, சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிக் கீழே வைப்பது. மிதக்கும் எண்ணெயைக் கரண்டியால் வழித்து ஊற்றிவிடக் கூடாது; அந்தக் கொழுப்பை எடுத்துவிட்டால் எஞ்சுவது ரப்பர் போன்ற பிண்டம், அதன் பிறகு யாராலும் மீட்க முடியாது.

இறக்கும்போது சட்டியில் குமிழி வெடித்துக்கொண்டிருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். வெடித்திருந்தால் சூடு மிகுந்ததே காரணம். இரண்டு மூன்று நிமிடம் ஆறவிட்டு, கம்பிக் கடைப்பானால் விடாமல் கடைந்தால் பெரும்பாலும் எண்ணெய் உள்ளே போய்விடும். சமையல் வெப்பமானி வைத்திருப்பவர்கள் 65 முதல் 75 டிகிரி செல்சியசுக்குள் நிறுத்திக்கொள்ளலாம். இல்லாதவர்கள் சட்டியின் ஓரத்தில் மெல்லிய ஆவி தெரிய வேண்டும், நடுவில் குமிழி வரக் கூடாது என்பதை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். நம் வீட்டு எரிவாயு அடுப்புகளில் பெரிய பர்னரின் "சிம்" கூட இதற்கு மிகுதி. சிறிய பர்னரில் தோசைக்கல்லைப் போட்டு அதன்மேல் சட்டியை வைத்தால், பிரியாணிக்குத் தம் போடும்போது கிடைப்பது போன்ற அடங்கிய சூடு கிடைக்கும். இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு தங்கையிடமிருந்து அழைப்பு வருவது மிகவும் குறைந்தது.

குமிழி வெடிக்கவே இல்லை, ஆனாலும் பிரிந்தது என்றால் புளிப்பைப் பாருங்கள். எலுமிச்சைச் சாறு சேர்த்தீர்களா, சேர்த்தது பழைய காய்ந்த பழத்தின் சாறா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு தேக்கரண்டி சாற்றை இரண்டு மேசைக்கரண்டி வெந்நீரில் கலந்து சிறிது சிறிதாக விட்டுக் கடையுங்கள்.

புளிப்பும் சரியாக இருந்தால் அடுத்தது மாவு. ஒரு தேக்கரண்டி கார்ன்ஃப்ளாரை இரண்டு மேசைக்கரண்டி குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றி, மீண்டும் தோசைக்கல்மேல் ஏற்றி, கெட்டியாகும் வரை இரண்டு மூன்று நிமிடம் கிளறுங்கள். மாவை நேரடியாகத் தூவினால் அது கட்டி கட்டியாக நின்று இன்னொரு கோளாறைக் கொண்டுவரும்.

இவற்றுக்கும் மசியாவிட்டால் சீஸில்தான் காரணம் இருக்கிறது. நெடுநாள் முதிர்ந்த செடார் தனியாக உருகும்போது எண்ணெயைக் கக்கும். அதற்கு எளிய மருந்து, பதப்படுத்திய சீஸ் க்யூப் இரண்டைத் துருவிச் சேர்ப்பது. கொழுப்பையும் நீரையும் சேர்த்துப் பிடித்துவைக்கும் உப்புகள் அதில் ஏற்கெனவே இருக்கின்றன. அதே உப்புகளில் ஒன்றான சோடியம் சிட்ரேட்டை அடிக்கடி ஃபாண்ட்யூ செய்பவர்கள் கேக் பொருட்கள் விற்கும் கடையில் தனியாகவே வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஒரு தேக்கரண்டியை வெந்நீரில் கரைத்து ஊற்றினால் போதும். உணவுத் தரம் என்று உறையில் அச்சிட்டிருக்க வேண்டும். ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடையில் வாங்கியது சமையலுக்கு ஆகாது.

உறைந்து மீண்டும் இளகிய சீஸும் இப்படிப் பிரியும். கட்டியை விரலால் அழுத்தும்போது வளையாமல் பொலபொலவென்று உதிர்ந்தாலோ, உறைக்குள் நீர் கோத்திருந்தாலோ அது கடையிலோ வழியிலோ உறைந்திருக்கிறது. பெங்களூரிலிருந்து பேருந்தில் வாங்கி வருபவர்கள் பனிக்கட்டிப் பையோடு சேர்த்துக் கட்டாமல், இடையில் ஒரு துணியைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். வீட்டிலும் உறைபெட்டியில் வைக்கக் கூடாது.

கடைசிக் கிளை ஒன்று உண்டு: எவ்வளவு நேரம் வைத்தாலும் சீஸ் உருகாமல் உருவம் மாறாது கிடக்கிறது, எண்ணெய் மட்டும் கசிகிறது. நான் ஒரு முறை உறையில் பெயர் எதுவும் இல்லாத ஒரு கிலோ கட்டியை விலை மலிவாக இருக்கிறதே என்று வாங்கி இந்த நிலைக்கு ஆளானேன். பாலுக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் கலந்து செய்யும் போலிச் சீஸ் இப்படித்தான் நடந்துகொள்ளும். உறையில் உள்ள பொருட்பட்டியலில் பாமாயில் அல்லது தாவர எண்ணெய் என்று இருக்கிறதா என்று வாங்கும் முன்பே படியுங்கள். பட்டியலில் அப்படி இல்லாமல் அசல் என்று விற்கப்பட்டிருந்தால், மீதிக் கட்டியையும் பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்திக்கொண்டு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுப்பதே வழி. அந்தக் கட்டியை உருக வைக்கும் வித்தை அடுப்படியில் இல்லை. பனீரும் உருகாது, ஆனால் அது போலி என்பதால் அன்று, அதன் இயல்பே அப்படி.

சீஸ் உருண்டையாகத் திரண்டு, நீர் தனியே நிற்கிறது

இதையும் முந்தையதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்கே மேலே மஞ்சள் எண்ணெய் நிற்கும். இங்கே வெண்ணிறமான கலங்கல் நீருக்குள் பசை உருண்டை போலச் சீஸ் கிடக்கும். கரண்டியைத் தூக்கினால் உருண்டை முழுவதும் கூடவே எழுந்து வரும்.

எல்லாச் சீஸையும் ஒரே நேரத்தில் கொட்டியிருந்தால் இப்படி ஆகும். நீர் சூடேறும் முன்பே போட்டிருந்தாலும் ஆகும். வட்டமாகக் கிளறினால் சீஸ் நடுவில் நூற்பந்து போலச் சுற்றிக்கொள்ளும். எட்டு என்ற எண்ணைச் சட்டிக்குள் எழுதுவது போல மரக்கரண்டியை ஓட்ட வேண்டும். மெல்லிய சூட்டில் ஐந்து நிமிடம் பொறுமையாக இப்படிக் கிளறினாலே பல உருண்டைகள் கரைந்துவிடுகின்றன.

கரையவில்லை என்றால் இழைச் சோதனை செய்யுங்கள். கரண்டியில் சிறிது எடுத்து ஒரு சாண் உயரம் தூக்குங்கள். பட்டுப் போல வழிந்து அறுந்தால் சரியான பதத்தை நெருங்குகிறது. கயிறு போல நீண்டு அறுந்துபோக மறுத்தால், ஒன்று புளிப்புப் போதவில்லை, அல்லது பீட்சாவுக்குப் பயன்படும் மொசரெல்லா மிகுந்திருக்கிறது. முதலாவதற்கு எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி. இரண்டாவதற்கு மேற்சொன்ன பதப்படுத்திய சீஸ் இரண்டு மூன்று க்யூப். மொசரெல்லாவை மொத்த எடையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது.

எலுமிச்சை கைவசம் இல்லாத ஒரு நாளில் புளிக்கரைசலை விட்டுப் பார்த்தேன். புளியில் மிகுந்திருப்பதும் திராட்சை ஒயினில் இருப்பதும் ஒரே டார்டாரிக் அமிலம் என்பதால் சீஸ் அழகாக இளகியது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் புளிக்கு என்ன குறை! ஆனால் நிறம் மங்கிப் பழுப்பாகிவிட்டது, பச்சிலையின் பசுமையும் தெரியவில்லை. அவசரத்துக்கு உதவும், விருந்தினருக்கு வேண்டாம்.

நாவில் மணல் போல நறநறக்கிறது

நீருக்குப் பதிலாகப் பாலை ஊற்றினீர்களா என்பதே முதல் கேள்வி. ஒயின் வேண்டாம் என்று பாலை ஊற்றி, அளவுக்குறிப்பில் இருக்கிறதே என்று எலுமிச்சையையும் பிழிந்தால் பால் திரிந்து பனீர்த் துகள்கள் உண்டாகும். பால் வேண்டுமானால் எலுமிச்சை வேண்டாம்; எலுமிச்சை வேண்டுமானால் பால் வேண்டாம். திரிந்த துகளை மீண்டும் கரைக்க முடியாது. கையில் பிடித்து அரைக்கும் பிளெண்டரால் சட்டியிலேயே ஒரு நிமிடம் அரைத்து, பதப்படுத்திய சீஸ் சிறிது சேர்த்தால் உண்ணத்தக்க அளவுக்கு வழவழப்பாகும். சூடான சீஸை மூடிய மிக்ஸி ஜாரில் போட்டு ஓட்டவே கூடாது. உள்ளே ஆவி அழுத்தம் மிகுந்து மூடி தெறிக்கும், உருகிய சீஸ் முகத்தில் ஒட்டிக்கொண்டால் எண்ணெயைவிடக் கடுமையாகச் சுடும்.

பால் ஊற்றவில்லை என்றால் மாவுப் பொட்டலத்தை எடுத்துப் பாருங்கள். இந்தப் பகுதியில் இது மிகவும் பொதுவான பிழை. கடையில் சோள மாவு என்று கேட்டால் வெள்ளைச் சோளத்தை அரைத்த மாவையோ, மஞ்சளான மக்காச்சோள மாவையோ கொடுத்துவிடுவார்கள். அவை ரொட்டி தட்டுவதற்கு ஏற்றவை, இங்கே நறநறக்கும். வேண்டியது விரலிடையில் தேய்த்தால் கிறீச்சிடும் பால்வெள்ளை மாவு. அதைக் கார்ன்ஃப்ளார் என்றே பெயர் சொல்லிக் கேளுங்கள். மரவள்ளிக் கிழங்கு மாவும் நன்றாகப் பயன்படும். சேலம், தருமபுரிப் பக்கத்தில் அது எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் அளவை ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் ஏற்றினால் கஞ்சி போல இழுபடும். சரியான மாவுதான், ஆனாலும் பச்சை வாசனையோடு சிறிது நறநறக்கிறது என்றால் அது வேகவில்லை. இன்னும் மூன்று நிமிடம் சிறுதீயில் வையுங்கள்.

பையில் துருவியே விற்கும் சீஸில் துருவல்கள் ஒட்டாதிருக்க மாவுப்பொடி தூவியிருப்பார்கள். அதனாலும் சற்றுத் தூள் தட்டுப்படும். கட்டியாக வாங்கி வீட்டில் துருவுவதே நல்லது.

முதலில் வழவழப்பாக இருந்து, உண்ணத் தொடங்கிய பின்பு நறநறக்கிறதா? அப்படியானால் சமையலில் குறையில்லை, ரொட்டிதான் கரைகிறது. இனிப்புச் சுவையுள்ள மென்மையான சான்ட்விச் ரொட்டி தோய்த்தவுடன் உதிரும். முந்தைய நாள் வாங்கிய கெட்டியான பன்னையோ நீள ரொட்டியையோ ஒவ்வொரு துண்டிலும் மேற்தோல் இருக்குமாறு வெட்டி, உட்பக்கத்திலிருந்து தோலை நோக்கி முள்கரண்டியைக் குத்துங்கள். தோசைக்கல்லில் மொறுமொறுப்பாக வாட்டிய கேழ்வரகு அடைத் துண்டுகள், வேகவைத்த சிறு உருளைக்கிழங்கு, ஓசூர்ப் பசுமைக்குடில்களில் விளையும் குடைமிளகாய் ஆகியவையும் உதிராமல் தாங்கும்.

நீர்த்து ஓடுகிறது, ரொட்டியில் ஒட்டவில்லை

அவசரப்பட்டு மாவைக் கூட்டாதீர்கள். இறக்கி மூன்று நிமிடம் வைத்தாலே சற்றுக் கெட்டியாகும். இல்லையெனில் 50 கிராம் சீஸைத் துருவிச் சேருங்கள். அதன் பிறகே மாவுக் கரைசல். இலையைக் கழுவிவிட்டு ஈரத்தோடு சேர்த்ததாலும் இப்படி ஆகலாம். அதைக் கீழே இலைப் பகுதியில் சொல்கிறேன்.

மேசைக்கு வந்ததும் இறுகிவிடுகிறது

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் இதுதான் முதன்மையான கோளாறு. மின்விசிறியை நிறுத்துங்கள். பரிமாறும் சட்டியை முன்கூட்டியே வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி, துடைத்துவிட்டு மாற்றுங்கள். மெழுகுவிளக்கு ஒன்று சாக்லேட் ஃபாண்ட்யூவுக்குப் போதும், சீஸுக்குப் போதாது. மூன்றையாவது அருகருகே வைக்க வேண்டும். இறுகியதைத் தளர்த்தக் காய்கறி நீரைச் சூடாக்கி ஒவ்வொரு மேசைக்கரண்டியாக விட்டுக் கிளறுங்கள். தண்ணீர்க் குவளையிலிருந்து குளிர்ந்த நீரை ஊற்றினால் சீஸ் உடனே திரளும்.

நம் கல்சட்டி சூட்டை நெடுநேரம் பிடித்துவைக்கும் என்பதால், சுவிஸ் மக்கள் பயன்படுத்தும் தடித்த மண்சட்டிக்கும் இரும்புச் சட்டிக்கும் அது எந்த வகையிலும் குறைந்ததன்று. புதிய கல்சட்டியை மட்டும் பல நாள் கஞ்சித்தண்ணீர் ஊற்றிப் பழக்கிய பின்பே அடுப்பில் ஏற்றுங்கள். பழக்காததை எடுத்தவுடன் தீயில் வைத்தால் விரிசல் விடும். விரிசல் கண்ட சட்டியில் சீஸை உருக்க வேண்டாம்.

அடிபிடிக்கிறது

அடியைச் சுரண்டும் முன் மேலே இருப்பதைச் சுவைத்துப் பாருங்கள். கசக்கவில்லை என்றால், அடியைத் தொடாமல் மேலே உள்ளதை வேறொரு சட்டிக்கு மாற்றித் தொடரலாம். கசப்பு மேல்வரை ஏறிவிட்டால் அதை மறைக்கும் மசாலா எதுவும் இல்லை. அன்றைய ஃபாண்ட்யூ அவ்வளவுதான்.

உண்டு முடிக்கும் நேரத்தில் அடியில் பொன்னிறமாகப் படியும் பொறுக்கு கோளாறில் சேராது. சுவிட்சர்லாந்தில் அதற்கு "லா ரிலிஜியூஸ்" என்று பெயரிட்டுப் பங்குபோட்டு உண்கிறார்கள். எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கும் அதில்தான் போட்டி. பொன்னிறம் வரை காத்திருங்கள், பழுப்பு கறுப்பாகத் தொடங்கும் முன் தீயை அணையுங்கள்.

பாதியிலேயே அடிபிடிக்கிறது என்றால் பாத்திரத்தின் அடிப்பாகத்தைப் பாருங்கள். மெல்லிய எவர்சில்வர்ப் பாத்திரம் ஒரே இடத்தில் சூட்டைக் குவிக்கும்; தோசைக்கல்லை அடியில் வைத்தால் சரியாகும். இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் மிகக் குறைந்த அளவில் அது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு குவளை நீரை வைத்துக் கவனியுங்கள். பல அடுப்புகள் சூட்டைக் குறைப்பதற்குப் பதிலாக முழுச் சூட்டைச் சில நொடி கொடுத்து, சில நொடி நிறுத்துகின்றன. அந்தச் சில நொடியே சீஸைக் கருக்கப் போதும். அப்படிப்பட்ட அடுப்பில் அடிகனமான பாத்திரம் இல்லாமல் ஃபாண்ட்யூ செய்ய வேண்டாம்.

எரிவாயு அடுப்பில் தீ ஒருபக்கமாகச் சாய்ந்தோ மஞ்சளாகவோ எரிகிறதா? அடுப்பை அணைத்து, ஆறியபின் பர்னர் மூடியை எடுத்துக் கழுவி, துளைகளை ஊசியால் குத்தி, நன்றாகக் காயவைத்து, பள்ளத்தில் சரியாகப் பொருத்துங்கள். அதன் பிறகும் தீ மஞ்சளாக எரிந்து பாத்திர அடியில் கரி படிந்தாலோ, சிம்மில் வைத்தால் அணைந்துபோனாலோ அது கேஸ் அடுப்பு பழுதுபார்ப்பவருடைய வேலை. குமிழைக் கழற்றி உள்ளிருக்கும் திருகை நீங்களே திருகிப் பார்க்காதீர்கள். எரிவாயு வாசனை வந்தால் ஃபாண்ட்யூவை மறந்துவிடுங்கள்: ரெகுலேட்டரை அணைத்து, கதவு சன்னல்களைத் திறந்து, மின்விளக்குச் சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து, 1906 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும்.

இலை கறுக்கிறது, கசக்கிறது, அல்லது மணக்கவே இல்லை

பச்சிலை மணம் இல்லாத ஃபாண்ட்யூவை நான் விரும்புவதில்லை, அதனால் இந்தப் பகுதியில் சற்று நிற்கிறேன்.

கறுத்துப்போனால், எப்போது சேர்த்தீர்கள் என்று பாருங்கள். கொத்தமல்லி, புதினா, திருநீற்றுப்பச்சிலை போன்ற மென்மையான இலைகளை இறக்குவதற்கு ஒரு நிமிடம் முன்புதான் சேர்க்க வேண்டும். புளிப்பிலும் சூட்டிலும் அதிக நேரம் கிடந்தால் எந்தப் பச்சையும் மங்கும். புதினா எல்லாவற்றுக்கும் முந்திக் கறுக்கும். கறுத்ததை எடுக்க முடியாது. மேலே புதிய இலையைத் தூவிப் பரிமாறலாம், சுவைக்குக் குறைவில்லை. நேரத்தில்தான் சேர்த்தேன், ஆனாலும் கறுக்கிறது என்பவர்கள் நறுக்கிய விதத்தைப் பாருங்கள். மழுங்கிய கத்தியால் நசுக்கி நறுக்கிய இலை பலகையிலேயே கறுக்கத் தொடங்கிவிடும். மிக்ஸியில் அரைத்தால் சட்டி முழுவதும் பாசி நிறமாகும்.

கசந்தால் முதல் சந்தேகம் இலைமேல் வேண்டாம், பூண்டின்மேல் வைக்கலாம். வெண்ணெயில் பூண்டு பொன்னிறம் தாண்டிச் சிவந்துவிட்டால் அந்தக் கசப்புத்தான் கடைசிவரை வரும். நான் பூண்டை வதக்குவதில்லை. பாதியாக வெட்டிச் சட்டியின் உட்புறத்தில் தேய்த்துவிட்டு, மீதியை நீரில் போட்டு வேகவைக்கிறேன். பூண்டு கருகவில்லை என்றால் இலையின் காம்புகளையும், பூத்துவிட்ட செடியின் முற்றிய இலைகளையும் சந்தேகிக்கலாம். கறிவேப்பிலையைப் பச்சையாகப் போட்டாலும் ஒருவிதக் கசப்பு வரும். வெண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்து, நொறுக்கி மேலே தூவுங்கள்.

மணம் போதவில்லை என்றால் இலையின் வகையைப் பொறுத்துத் திருத்தம் மாறும். ரோஸ்மேரி, தைம் போன்ற முரட்டு இலைகளும் உலர்ந்த இலைகளும் முதலிலேயே நீரில் பத்து நிமிடம் ஊறினால்தான் மணத்தை விடும். கடைசியில் தூவினால் குச்சி போலப் பல்லில் இடறும். உலர்ந்த இலை என்றால் பச்சிலையின் அளவில் மூன்றில் ஒரு பங்கு போதும். உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். வைக்கோல் வாசனை வந்தால் அந்தப் புட்டியை மாற்ற வேண்டியதுதான், அளவைக் கூட்டிப் பயனில்லை.

விலை கொடுத்து ஒரிகானோ வாங்குவதற்கு முன் வீட்டு வாசலில் இருக்கும் கற்பூரவல்லியைப் பாருங்கள். ஓமவல்லி என்றும் சொல்வார்கள். மணத்தில் இரண்டும் நெருங்கிய உறவு. ஆனால் அந்த இலை சதைப்பற்றுள்ளது, நீர் நிறைந்தது. இரண்டே இலையைப் பொடியாக நறுக்கி, வெறும் கல்லில் ஈரம் போக வதக்கிச் சேர்த்தால் சிறப்பு. நான்கு இலை போட்டால் கஷாய வாசனை வந்துவிடும், சட்டியும் நீர்த்துப்போகும். பேசில் என்று விற்கப்படுவதற்கு ஈடாகத் திருநீற்றுப்பச்சிலை இருக்கிறது. அதுவும் அதே இனச் செடிதான். துளசியை அந்த இடத்தில் போட்டால் காரமும் கிராம்பு வாசனையும் மேலோங்கும். கன்னட மக்கள் விரும்பி வாங்கும் சப்பசிகே என்ற கீரை, அதாவது சதகுப்பை, ஓசூர்ச் சந்தையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். உருளைக்கிழங்கைத் தோய்த்து உண்ணும் நாளில் அதற்கு இணையான இலை வேறில்லை என்பது என் கருத்து.

எந்த இலையானாலும் கழுவியபின் துணியில் பரப்பி, கையில் ஈரம் ஒட்டாத வரை உலர்த்துங்கள். வேலியோரத்தில் தானாக முளைத்த, பெயர் உறுதியாகத் தெரியாத இலையை மணமாக இருக்கிறதே என்று சட்டியில் போட வேண்டாம். தருமபுரி மாவட்டத்தார் பாப்பாரப்பட்டியில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் செடியைக் காட்டிக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

உப்பு, புளிப்பு, உலோகச் சுவை

உப்பைத் தனியாகச் சேர்த்திருக்கவே கூடாது. சீஸில் இருப்பதே போதும். சூப்புக்குப் போடும் இறைச்சி, காய் க்யூப்களைக் கரைத்த நீரை ஊற்றியிருந்தாலும் கரிக்கும். உப்புச் சேர்க்காமலே கரித்தால் நீரைச் சுவைத்துப் பாருங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பானது; ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் வீடுகளில் அதையே சமையலுக்கு எடுங்கள். கரித்துவிட்டதை உப்பில்லாத வெந்நீரும் உப்பில்லாத உருளைக்கிழங்கும் சமன் செய்யும்.

புளிப்பு மிகுந்தால் இரு விரல் நுனியில் எடுத்த சமையல் சோடாவை இறக்கிய சட்டியில் தூவிக் கிளறுங்கள். நுரைத்து எழும், பயப்பட வேண்டாம். இரண்டாம் முறை தூவாதீர்கள், சோப்புச் சுவை வந்துவிடும். உலோகச் சுவை வந்தால் அலுமினியப் பாத்திரத்தில் எலுமிச்சை ஊற்றியிருக்கிறீர்கள். அதற்குத் திருத்தம் பாத்திரத்தை மாற்றுவதுதான்.

மேசை அடுப்பு அணைகிறது, அல்லது கட்டுக்கடங்காமல் எரிகிறது

ஸ்பிரிட் ஊற்றி எரிக்கும் சிறிய அடுப்பு அணைந்தால், உடனே எரிபொருளை ஊற்றாதீர்கள். பகல் வெளிச்சத்தில் அதன் நீலத் தீ கண்ணுக்கே தெரியாது. அணைந்ததாக நினைத்து ஊற்றும்போதுதான் தீ பாட்டிலுக்குள் தாவுகிறது. மூடியால் மூடி, கையால் தொடும் அளவு ஆறியபின், மேசையிலிருந்து தள்ளி எடுத்துச்சென்று நிரப்புங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் மெழுகுவிளக்குகளே போதும்.

சுட்டுவிட்டால் ஓடும் குழாய்நீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, மை, மாவு எதையும் பூச வேண்டாம். தோலில் ஒட்டிய சீஸைப் பிய்த்து எடுக்காமல் நீரிலேயே குளிரவிடுங்கள். முகத்திலோ குழந்தைக்கோ சுட்டிருந்தாலும், கொப்புளம் உள்ளங்கை அகலத்துக்கு எழுந்தாலும் 108-ஐ அழையுங்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன.

மீந்ததைச் சூடாக்கினால் பிரிகிறது

நேரடித் தீயில் வைத்திருப்பீர்கள். பெரிய பாத்திரத்தில் வெந்நீர் கொதிக்க, அதற்குள் சீஸ் கிண்ணத்தை இறக்கி, இரண்டு மேசைக்கரண்டி நீர் விட்டுக் கிளறினால் பழைய பதம் திரும்பும். திரும்பாவிட்டால் ஃபாண்ட்யூவாக மீட்க முயல வேண்டாம். கேழ்வரகு அடைமேல் தடவி வாட்டினால் நன்றாக இருக்கும். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்ததையும், சித்திரை வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்ததையும் எடுத்து வைக்காதீர்கள். குளிர்பதனப் பெட்டியில் வைத்தது இரண்டு நாளுக்குள் முடிய வேண்டும். இடையில் மின்சாரம் பலமணி நேரம் நின்றிருந்தால், முகர்ந்து பார்த்து முடிவு செய்யாமல் குப்பையில் போட்டுவிடுங்கள்.